33⅓: சுசீலா ராமனும் 'கவர்' என்னும் சொல்லும்

சுசீலா ராமன் 1973இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2007இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் '33⅓'. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேர இசைத்தட்டு நிமிடத்திற்கு அத்தனை முறை சுழலும். அந்தத் தட்டுகளின் பொற்காலமான 1960, 70களின் பாடல்களை அவர் இத்தொகுப்பில் மீண்டும் பாடினார். பாப் டிலன், ஜிமி ஹெண்டிரிக்ஸ், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு எனப் பாடல்களுக்கு உரியோர் பலர். இத்தகையதைக் 'கவர்' தொகுப்பு என்பது இசை உலகின் வழக்கு.

ஆனால் 2001இல் வந்து மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற அவருடைய முதல் தொகுப்பான 'சால்ட் ரெயின்', தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனையைக் கொண்டது. அதுவும் பிறர் பாடல்தான். தியாகராஜர் மறைந்தது 1847இல். எனினும் அதனை யாரும் கவர் என்பதில்லை. ஒரே குரல், ஒரே செயல், இரண்டு பெயர்கள். இவ்வேறுபாடு இசையில் இல்லை. வணிகத்திலும் சட்டத்திலும் இருக்கிறது.

அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், ஒருமுறை ஒலிப்பதிவான பாடலை உரிய தொகை செலுத்தி எவரும் மீண்டும் பதிவு செய்யலாம் என்றது. இதில் உரிமை பெற்றவர் பாடலை இயற்றியவர், பாடியவர் அல்லர். இதன் விளைவு 1950களில் வெளிப்பட்டது. கறுப்பினக் கலைஞரான லிட்டில் ரிச்சர்ட் 1955இல் பாடிய 'டுட்டி ஃப்ரூட்டி'யை வெள்ளையரான பாட் பூன் உடனே மீண்டும் பாடினார். விற்பனைப் பட்டியலில் மூலத்தை விஞ்சியது நகல். லிட்டில் ரிச்சர்டின் பாடும் முறைக்கு, அதுவே அப்பாடலின் உயிர் எனினும், சட்டத்தில் விலை இல்லை.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் 52(1)(ஜே) பிரிவில் இவ்வழியைத் திறந்து வைத்தது. காத்திருக்க வேண்டிய காலம் இரண்டாண்டு. 1980களின் ஒலிநாடாச் சந்தையில் மலிவு விலை மறுபதிப்புகள் பெருகியதற்கு இப்பிரிவு ஒரு காரணம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 31சி பிரிவாக மாற்றிக் காலத்தை ஐந்தாண்டாக்கியது. இந்த உரிமத்தின்கீழ்ப் பாடுபவர், தொழில்நுட்பத் தேவை இருந்தாலன்றி, உரிமையாளர் இசைவில்லாமல் பாடலை மாற்றலாகாது. கர்நாடக இசையிலோ சங்கதி சேர்க்காமல் பாடுபவரை எவரும் வித்துவான் என்று கொள்வதில்லை. ஒரு மரபு திறமை என மதிப்பதைச் சட்டம் மீறல் எனக் கருதுகிறது.

'கவர்' என்பதற்கு நிலைபெற்ற தமிழ்ச் சொல் இல்லை. 'உறை' என்றால் சிரிப்புதான் மிஞ்சும். தேவை எழவில்லை என்பதே காரணமாகலாம். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டனர். அது மறைக்கப்பட வேண்டிய கடனாக எண்ணப்படவில்லை. பாடுபவர்க்கு வழிகாட்டும் குறிப்பாகவே நின்றது. தொல்காப்பிய மரபியல் முதனூலையும் வழிநூலையும் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக்கும். '33⅓'ஐ இந்நான்கனுள் விரித்தலின்கீழ் வைக்கலாம். 'வழிப்பாட்டு' என்று புதுச்சொல் படைக்கலாமென்றால், ஒரு பகரம் குறைந்தாலே அது 'வழிபாட்டு' ஆகிவிடும்.

அப்பிழை பொருத்தமற்றதும் அன்று. சக்குபள்ளத்திற்கு அண்மையில் உள்ள குமுளி வழியே சபரிமலைக்குச் செல்லும் தமிழ்ப் பக்தர்கள் ஒலிநாடாவிலும் குறுவட்டிலும் கேட்டுப் பழகிய பாடல்களையே கூட்டமாகப் பாடுகின்றனர். எப்பாடலை யார் இயற்றினார் என்ற வினா அங்கு எழுவதே அரிது. பழனிக்குக் காவடி சுமப்போரின் பாடல்களும் அவ்வாறே வாய்வழி பரவியவை.

சுசீலா ராமன் 2011இல் வெளியிட்ட 'வேல்' தொகுப்பு இந்த முருக பக்திப் பாடல்களை நாடிச் சென்றது. அதற்காக அவர் தமிழ்நாட்டிற்கு வந்து பக்திப் பாடகர் கோவை கமலாவிடம் கற்றார். தொகுப்பின் 'பால்' என்ற பாடல், பழனி அடியார்கள் நன்கறிந்த பாடலொன்றின் மறுவடிவம். டிலனின் பாடலுக்கு உரிமையாளர் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் தொகை சேரும். இயற்றியவர் பெயர் தெரியாத காவடிப் பாடல் 'மரபுப் பாடல்' என்ற வகையில் அடங்கும்; அவ்வகைக்கு உரிமத்தொகை இல்லை. அதைத் தலைமுறைகளாகப் பாடிக் காத்தவர்க்கு, லிட்டில் ரிச்சர்டின் குரலுக்குப் போலவே, சட்டத்தில் இடமில்லை. கமலாவின் பெயர் தெரிகிறதென்றால், அது மாணவி தம் ஆசிரியரைச் சொன்னதனால்.