முடிச்சும் துயரும்: கிப்புக் கயிறு பற்றிய ஒரு நோக்கு

நார்க்கலையை அலங்காரக் கலையெனக் கொள்வது பெருவழக்கு. அந்தீஸ் மலைநாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, அங்கு கயிறே ஆவணமாகவும் விளங்கியமை புலனாகும். எழுத்தைக் கையாளாத இன்கா அரசு குடித்தொகை, திறை, களஞ்சிய இருப்பு என்பவற்றின் கணக்கைக் 'கிப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளிற் பேணியது. முதன்மைக் கயிறொன்றிலிருந்து தொங்கிய பருத்தி, கம்பளி இழைகளின் முடிச்சுகள் பத்தின் அடியான எண்களைக் குறித்தன என்பதை 1912இல் லெலன்ட் லொக் எடுத்துக்காட்டினார்.

1532இல் இன்கா நாட்டைக் கைப்பற்றத் தொடங்கிய இஸ்பானியர், முதலிற் கிப்புக் கணக்குகளை வழக்குகளிற் சான்றாக ஏற்றனர். ஆயினும், 1583இல் முடிவுற்ற லீமாவின் மூன்றாவது திருச்சபைப் பேரவை, பழைய வழிபாட்டோடு தொடர்புடைய கிப்புகளை மக்களிடமிருந்து பறிக்கப் பணித்தது. மலையிடையர் சிலர் மந்தைக் கணக்குக்கு அதனை இருபதாம் நூற்றாண்டிலும் பயன்படுத்தினர். எனினும், அதன் பரந்த பொருள் மறைந்தது.

இம்மரபைத் துயர்க் கலையாக்கியவர், 1948இற் பிறந்த சிலி நாட்டுக் கவிஞரும் ஓவியருமான செசிலியா விக்குனா. 1966இல் 'எதனையும் நினைவிற்கொள்ளாத கிப்பு' என்ற படைப்பை அவர் வெறுங்கயிறாகவே கருதினார். 2006 ஜனவரியில், சனாதிபதித் தேர்தல் நாளன்று, எல் புளோமோ மலையின் பனிக்கட்டியாற்றருகே நூற்கப்படாத செங்கம்பளி இழைகளை இட்டார். பஸ்குவா லாமா தங்கச் சுரங்கத் திட்டம் பனிக்கட்டியாறுகளுக்கு ஊறு விளைக்கும் என்ற அச்சம் நிலவிய காலம் அது. உருகும் நீரை மலையின் குருதியாக அவ்விழைகள் உணர்த்தின. 2022இல் இலண்டன் தேற் மொடேர்ண் கலைக்கூடத்தில் 27 மீற்றர் உயரமான இரு கிப்புகளைத் தொங்கவிட்டார். வெளிறிய கம்பளியும் தாவர நாரும் பட்டுப்போன காட்டுமரங்களை நினைவூட்டின.

அழுகை செயலை மழுங்கச் செய்யாதா என்ற வினா இங்கு எழுவது இயல்பே. 2020இற் சுற்றாடல் நீதிமன்றமொன்று அச்சுரங்கத்தின் சிலிப் பகுதியை நிரந்தரமாக மூடப் பணித்தது. அதனைக் கலையின் வெற்றியென்பது மிகையாகும். நெடுங்காலம் போராடியோர் உவாஸ்கோப் பள்ளத்தாக்கு மக்களே. எனினும், போராட்டத்துக்கு முன் இழப்பு இழப்பாக உணரப்படல் வேண்டும். சுரங்கக் கணக்கிற் பொன்னுக்கு விலையுண்டு, பனிக்கட்டியாற்றுக்கு இல்லை. இன்கா அரசின் கிப்பு இருப்பவற்றை எண்ணிற்று. விக்குனாவின் கிப்பு, கணக்கிற் சேர்க்கப்படாமலே அழிவனவற்றைப் பதிவுசெய்கின்றது. அவ்வகையில் அதுவும் ஒரு வரலாற்று ஆவணமே எனலாம்.