திறந்த இணையத்துக்குள் வந்த பூட்டு

உலாவியில் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பல திரைப்படங்களைப் பிரதி எடுக்க முடிவதில்லை. படத்துடன் ஒரு பூட்டும் சேர்ந்தே வருவதுதான் காரணம். இதனை டிஜிட்டல் உரிமை முகாமைத்துவம் என்பார்கள். இணையத்தின் பொது நியமங்களுக்குள் இந்தப் பூட்டுக்கு இடம் கிடைத்த கதை எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது என நினைக்கிறேன்.

ரிம் பேர்னர்ஸ்-லீ 1994இல் தொடங்கிய உலகளாவிய வலைச் சங்கமே இணையத்தளங்களுக்கான நியமங்களை வகுக்கிறது. முன்னர், பூட்டிய காணொளிகளைப் பார்க்க ஃபிளாஷ், சில்வர்லைட் போன்ற துணை மென்பொருள்களை நிறுவ வேண்டியிருந்தது. அவற்றுக்கு மாற்றாக 2012இல் கூகுள், மைக்ரோசொஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவை ஈ.எம்.ஈ. என்ற நியமத்தை முன்மொழிந்தன. இது பூட்டு அல்ல. பூட்டைத் திறக்கும் மென்பொருளுடன் உலாவி பேசும் வழி. ஆனால் கூகுளின் வைட்வைன், மைக்ரோசொஃப்டின் பிளேரெடி போன்ற அந்த மென்பொருள்களின் மூலநிரல் மூடியது.

படங்கள் எப்படியும் பூட்டியே வரும், பழைய துணை மென்பொருள்களைவிட இது பாதுகாப்பானது என்றனர் ஆதரவாளர்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, நியாயமான தேவைக்காகப் பூட்டை உடைத்தாலும் வழக்கு வரலாம். எனவே ஈ.எஃப்.எஃப். என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு ஒரு சமரசத்தை முன்வைத்தது: நியமம் வரட்டும், ஆனால் பாதுகாப்புக் குறைகளை ஆராய்பவர்கள் மீதும், மாற்றுத்திறனாளிகளுக்காகக் காணொளியை மாற்றியமைப்பவர்கள் மீதும் வழக்குத் தொடர மாட்டோம் எனச் சங்கத்தின் உறுப்பு நிறுவனங்கள் உறுதியளிக்க வேண்டும்.

அந்த உறுதி கிடைக்கவில்லை. 2017 யூலையில் பேர்னர்ஸ்-லீயே நியமத்துக்கு ஒப்புதல் அளித்தார். மேன்முறையீட்டின் பின் நடந்த வாக்கெடுப்பில் 108 உறுப்பினர்கள் ஆதரித்தனர், 57 பேர் எதிர்த்தனர், 20 பேர் நடுநிலை வகித்தனர். செப்ரெம்பர் 18ஆம் திகதி நியமம் வெளியானது, அன்றே ஈ.எஃப்.எஃப். சங்கத்திலிருந்து விலகியது.

போரில் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பட நிறுவனம் தானாகத் தரும் வசனவரிகளை இந்தப் பூட்டு தடுப்பதில்லை. நிறுவனம் தமிழில் எதுவும் தராதபோதுதான் சிக்கல். ஒலியைக் கேட்டு வசனவரி உருவாக்கும் மென்பொருளை எங்களில் ஒருவர் எழுதினாலும், பூட்டிய படத்தின் ஒலி அதற்கு எட்டாமல் போகலாம். பூட்டைப் போடும் உரிமையை நான் மறுக்கவில்லை. நியாயமான காரணத்துக்காகத் திறப்பவருக்கும் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்.