சாலைக்கு வெளியே: ஒரு புகைப்பெட்டியின் வரலாறு

நீண்ட பதிவு. ஆய்வேட்டிற்காகத் திரட்டியவற்றுள், அத்தியாயத்திற்குள் அடங்காமல் எஞ்சிய ஒரு பகுதி இது. பொறுமையுள்ளோர் வாசிக்க.

பொம்மனஹள்ளியில் ஓசூர்ச் சாலையிலிருந்து உட்புறமாகப் பிரியும் தெருக்களில் கட்டுமான இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறைகள் சில உள்ளன. தனி நகராட்சியாக இருந்த இப்பகுதி 2007இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைந்தது. 2010இல் மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே மண் தோண்டப்படாத நாள் குறைவு. அப்பட்டறைகளில் ஒன்றில், மண்வாரி இயந்திரத்தின் புகைக்குழாயிலிருந்து அறுத்தெடுத்த உருளை வடிவப் பெட்டி ஒன்று தரையில் கிடந்தது. அது நின்ற இடத்தில் நேர்க்குழாய் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இருபதாண்டுகளாக இத்தொழில் செய்யும் மெக்கானிக், இயந்திரத்தை முடுக்கிக் காட்டினார். "புகை வருதா பாருங்க சார். வரலையில்ல? அப்புறம் அந்த டப்பா எதுக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியச் சட்டமும் நெடுங்காலமாக அக்கண்ணோடுதான் புகையைப் பார்த்து வந்திருக்கிறது.

டீசல் இயந்திரத்தின் வினையூக்கி மாற்றி, அதாவது பட்டறை மொழியில் 'கன்வர்ட்டர்', கரும்புகையை வடிகட்டும் சல்லடையன்று. அதற்கென வேறொரு வடிகட்டி உண்டு. தேன்கூடு போன்ற பீங்கான் அல்லது உலோகக் கட்டமைப்பின்மேல் பிளாட்டினமும் பல்லேடியமும் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சூடான கழிவு வாயு அதனூடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. கரித்துகளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்த்தன்மை கொண்ட கரிமச் சேர்மங்களும் பெருமளவு எரிந்துவிடுகின்றன. இவற்றுள் வாயுக்கள் கண்ணுக்குப் புலப்படா. துகளின் மேற்பூச்சும் புகையின் கருமையை அதிகம் கூட்டாது. டீசல் வண்டிக்கான புகைச் சான்றிதழ்ச் சோதனையோ, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பெட்டியை எடுத்துவிட்ட இயந்திரம் அச்சோதனையில் தேறிவிடக்கூடும். மெக்கானிக்கின் கண்ணும் சோதனைக் கருவியின் கண்ணும் ஒன்றே.

இப்பெட்டியின் தோற்றத்தைத் தேடிப் போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அது முதலில் பொருத்தப்பட்ட இடங்களுள் சாலை இல்லை. பெட்ரோலியத்தை வினையூக்கியால் பிளக்கும் முறையை உருவாக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, 1950களில் அமெரிக்காவில் இக்கருவியை வடிவமைத்தபோது, கார்களின் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியை நஞ்சாக்கிச் செயலிழக்கச் செய்தது. ஆகவே ஈயமற்ற மலிவான பெட்ரோலில் கிடங்குகளுக்குள் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளே அதற்குப் புகலிடம் தந்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்து நிலத்தடிச் சுரங்கங்களின் டீசல் இயந்திரங்களிலும் அது இடம்பெற்றது. அமெரிக்கக் கார்களுக்குப் பரவலாக வந்ததோ 1975 மாதிரிகளில்தான். மூடிய இடத்தில் தொழிலாளி மயங்கி விழுவான் என்ற அச்சம் அதற்குக் காரணம். திறந்த வெளியில் காற்று எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை அதன் மறுபக்கம். இவ்விரண்டாவது நம்பிக்கைதான் நம்மிடம் நிலைத்தது.

இந்தியாவில் 'சாலைக்கு வெளியே' என்ற சொற்சேர்க்கைக்குச் சட்டப் பொருள் எப்படி வந்தது? சூழலியல் சட்டங்களில் தேடிச் சலித்த பிறகே, அதன் வேர் வரி வழக்குகளில் இருப்பதைக் கண்டேன். அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57ஆம் பதிவு, சாலைகளில் பயன்படுத்தத்தக்க வாகனங்களின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. சாலையைத் தேய்ப்பவன் சாலைக்குப் பணம் தரட்டும் என்பது அதன் தர்க்கம். அப்படியானால் சுரங்க வளாகத்தை விட்டு வெளியே வராத டம்பர் ஏன் வரி கட்ட வேண்டும்? ஒடிசாவின் போலானி இரும்புத்தாதுச் சுரங்கம் தொடுத்த வழக்கில், அத்தகைய டம்பர்களும் ராக்கர்களும் வரிக்கு உட்படா என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் நீதிமன்றத்தின் பார்வை மாறியது: ரப்பர் டயர் உண்டு, சாலையில் ஓடும் தகுதி உண்டு, எனவே வரியும் உண்டு. வாதங்கள் முழுதும் டயர், எடை, சாலையின் தேய்மானம் பற்றியவை. புகைக்கு அங்கே வேலையே இல்லை. வரி வழக்கில் இருக்கவும் தேவையில்லை.

ஆனால் அதே எல்லைக்கோடு பின்னர் புகைக்கும் எல்லையாயிற்று என்பதே என் வாதம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலையிலோ மூடிய வளாகத்திலோ மட்டும் இயங்குவதற்கென அமைந்த சிறப்பு வகை வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 'கட்டுமானக் கருவி வாகனம்' என்று வரையறுப்பது, ரப்பர் டயரிலோ எஃகு உருளையிலோ நகர்வனவற்றை. சாலையில் அவை செல்வது தற்செயலானது; குறுகிய நேரத்திற்கு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல். இரும்புச் சங்கிலித் தடத்தில் ஊரும் எக்ஸ்கவேட்டர் அப்பட்டியலில் இல்லை. நம் தொழிலாளர் வழக்கில் டயர் வண்டி 'ஜேசிபி', சங்கிலி வண்டி 'ஹிட்டாச்சி'. யார் தயாரித்ததாயினும் இவையே பெயர்கள். ஒரே குழியில் அருகருகே நின்று ஒரே டீசலை எரிக்கும் இவ்விரண்டுள் ஒன்றுக்குப் புகை விதி உண்டு, மற்றதற்கு இல்லை. வேறுபாட்டைக் காற்றில் தேடினால் கிடைக்காது. சாலைவரியின் வரலாற்றில் தேடினால் கிடைக்கும்.

நகரச் சாலைகளின் கதை நாம் அறிந்ததே. எம்.சி. மேத்தா வழக்கின் வழியே, 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. பெங்களூரு அந்நான்கில் இல்லை. டீசலும் அவ்விதியில் இல்லை.

டீசலை விட்டதற்கு வேதியியல் காரணம் ஒன்றுண்டு. அதை இங்கே விரித்துச் சொல்லாவிட்டால் மெக்கானிக்கிற்கு அநீதி செய்தவனாவேன். 1990களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் கந்தகம் எடையில் 1 விழுக்காடு வரை இருக்கலாம். இன்று அது பத்து லட்சத்தில் 10 பங்கு. ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கந்தகம் மிகுந்த எரிபொருளில் வினையூக்கி, கந்தக டை ஆக்சைடை மேலும் ஆக்சிஜனேற்றிச் சல்பேட் துகள்களாக்கும். துகளைக் குறைக்க வந்த பெட்டி துகளைக் கூட்டும். நாளடைவில் தானும் செயலிழக்கும். அக்காலத்தில் எவரேனும் அதைப் பொருத்தியிருந்தால், கழற்றியெறிவதே அறிவுடைமை. போதாக்குறைக்கு மண்ணெண்ணெய்க் கலப்படம் வேறு. அதைத் தடுக்க முனைந்ததற்காக 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இந்தியன் ஆயில் அலுவலர் மஞ்சுநாத் சண்முகம், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். 'டப்பாவை எடுத்தால் வண்டி நல்லா இழுக்கும்' என்ற பட்டறை ஞானம் முட்டாள்தனத்திலிருந்து பிறந்ததன்று. நல்ல எரிபொருளைக் காணாத தலைமுறையின் அனுபவம் அது. எரிபொருள் மாறிய செய்தி அத்தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கட்டுமான இயந்திரங்களுக்கான விதிகள் 2007க்குப் பிறகே தனியாக வரத் தொடங்கின. 2011இன் மூன்றாம் கட்டம் வரை பெரும்பாலானவை இப்பெட்டியின்றியே ஓடின. 2018இல் அறிவிக்கப்பட்ட நான்காம் கட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. ஐந்தாம் கட்டமும் அவ்வாறே 2024 ஏப்ரலிலிருந்து 2025 ஜனவரிக்கு நகர்ந்தது. 75 முதல் 130 கிலோவாட் வரையிலான எஞ்சினுக்குத் துகள் வரம்பு, ஒரு கிலோவாட்-மணிக்கு 0.3 கிராமிலிருந்து நான்காம் கட்டத்தில் 0.025 கிராமாக, பன்னிரண்டில் ஒரு பங்காக இறங்கியது. பெட்டிகளும் உணரிகளும் பரவலாக வந்தது இதனால்தான். வந்த கையோடு கழற்றலும் வந்தது. மண்வாரி நாளின் பெரும்பகுதியை வெறுமனே உறுமிக்கொண்டு நிற்பதில் கழிக்கிறது. கழிவு வாயு 200 பாகைக்கு மேல் சூடேறாமல் வினையூக்கி விழித்தெழாது. கரி படியும், குழாய் அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்றுப் பெட்டியின் விலையைக் கேட்டால் வாடகைக்கு ஓட்டும் சிறு முதலாளிக்கு இரண்டு மாதத் தவணை நினைவுக்கு வரும்.

அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தின் 182ஏ பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்திற்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கழற்றிய பெட்டியிலுள்ள பிளாட்டினத்திற்குக் காயலான்கடையில் விலை உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், தண்டனை பெரிதாகத் தோன்றாது.

இது நம் ஊர்க் கோணல் மட்டுமன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்அப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றை நீக்க உதவும் பொருள்கள் அங்கே பெரும்பாலும் 'சாலைக்கு வெளியே பயன்படுத்த மட்டும்' என்ற முத்திரையோடு விற்பனையாயின. இங்கே வரித் தகராறில் பிறந்த சொல், அங்கே விற்பனைச் சீட்டின் முகமூடி.

இனி நுரையீரலுக்கு வருவோம். 2012 ஜூனில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் கழிவுப் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. அம்முடிவுக்கு வலுச்சேர்த்த முதன்மையான ஆய்வு, அதே ஆண்டு மார்ச்சில் வெளியானது. எட்டு அமெரிக்கச் சுரங்க நிலையங்களின் 12,315 தொழிலாளர்களைத் தொடர்ந்த ஆய்வு அது. உலோகமல்லாத கனிமச் சுரங்கங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: சிலிக்கா, ரேடான் போன்ற வேறு நச்சுகள் அங்கே குறைவு, டீசலைத் தனியே பிரித்தறியலாம். (தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்களை எண்ணாமல் இதை வாசிக்க இயலவில்லை. 1902லேயே சிவனசமுத்திரத்து மின்சாரம் எட்டிய அச்சுரங்கத்தில் நுரையீரலைத் தின்றது சிலிக்காத் தூசி.) ஆக, டீசல் புகையின் கேட்டை உலகுக்கு உணர்த்தியவை சாலையைக் கண்டிராத இயந்திரங்கள்; அதற்குச் சான்றாக நின்றவை அவற்றின் அருகே நின்றவர்களின் உடல்கள். சட்டம் கடைசியாக எட்டிய இடமும் அதுவே.

பட்டறைக்குத் திரும்பச் சென்றபோது இவற்றுள் ஒரு பகுதியை மெக்கானிக்கிடம் சொன்னேன். கந்தகக் கதையைக் கூர்ந்து கேட்டார். "இத யாரும் எங்களுக்குச் சொல்லல சார்" என்றார். பிறகு, நேர்க்குழாய் பொருத்திய அந்த வண்டி எங்கே போனது என்று கேட்டேன். அடுக்குமாடி ஒன்றின் அடித்தள வாகன நிறுத்தத்தில் மண் அள்ளிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மேல்தளம் போட்டாயிற்று, மண் மட்டும் உள்ளே மிச்சமிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நின்று சைகை காட்ட, அவருடைய அக்கா மகனையே உதவியாளாக அனுப்பியிருக்கிறார்.