முட்டைக் கணக்கும் டிகிரிக் கணக்கும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் ரோடு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோழிப்பண்ணை வாசம் வந்து தோளில் கை போடும். பெங்களூரில் இருந்து வருகிறவனுக்கு முதல் பத்து நிமிஷம் கஷ்டம், அப்புறம் பழகிடும் :-)

வீட்டில் ஒரு பஞ்சாயத்து. சித்தப்பா பொண்ணு பிளஸ் டூ-வில் நல்ல மார்க். கால்நடை மருத்துவத்துக்கு அப்ளிகேஷன் போட்டிருக்காள். இன்னொரு பக்கம் ஒரு தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு ஆள் பேசிக்கிட்டு இருக்காங்க. "ஏங்கண்ணு, நீதான் கம்ப்யூட்டர்ல கணக்கெல்லாம் போடறியே, எது லாபம்னு ஒரு எட்டுப் பாத்துச் சொல்லேன்" என்றார் சித்தப்பா.

போட்டேன். ஒரு காலத்தில் ஃபீஸ், ஒரு காலத்தில் படிக்கிற வருஷம் (இன்ஜினியரிங் 4, கால்நடை மருத்துவம் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை), ஒரு காலத்தில் சம்பளம். அரசுக் கல்லூரி என்பதால் ஃபீஸில் கால்நடை மருத்துவம் ஜெயித்தது. ஆனால் ஒன்றரை வருஷம் முன்னாடியே சம்பளம் வர ஆரம்பிக்கிறதால், இருபது வருஷக் கணக்கில் கம்ப்யூட்டர்தான் மேலே வந்தது. ரொம்பப் பெருமையா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் பாத்துட்டுக் கேட்டார்: "இதுல நம்ம பண்ணை எங்க கண்ணு இருக்குது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. திரும்பி வந்ததில் இருந்து அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

கொஞ்சம் பழைய கதை. 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பிச்சதுதான் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. பல தலைமுறைக்குத் தமிழ்நாட்டில் மாட்டு டாக்டர் ஆகணும்னா சென்னைக்குத்தான் போகணும். இரண்டாவது கல்லூரி நாமக்கல்லுக்கு வந்தது 1985-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரா இருந்தப்போ. நாமக்கல் அப்போ தனி மாவட்டம்கூடக் கிடையாது. சேலம் மாவட்டத்தில் ஒரு ஊர் (பிரிச்சது 1997 ஜனவரி 1-ல்). 1989-ல் கால்நடை மருத்துவத்துக்குன்னே சென்னையில் தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் லத்துவாடியில் இருக்கிற இந்தக் கல்லூரி அதுக்குக் கீழே போச்சு.

கல்லூரி வந்துதான் கோழி வந்ததுன்னு சொல்லிட முடியாது. கோழி ஏற்கனவே வந்தாச்சு. மழை கம்மியான மேட்டுக்காடு, கடலையும் சோளமும் விளையுற பூமி, லாரிக்குப் பஞ்சமில்லாத ஊர். 1982-ல் பி.வி.ராவ் முயற்சியில் முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாச்சு. வியாபாரி சொன்னதுதான் விலைன்னு இருந்தது மாறி, பண்ணைக்காரங்க சங்கமே தினம் ஒரு விலை அறிவிக்க ஆரம்பிச்சாங்க. எங்க ஊரில் காலையில் எழுந்ததும் தங்க விலை கேட்கிறவங்களைவிட 'நெக்' ரேட் கேட்கிறவங்கதான் ஜாஸ்தி.

ஆனால் கோழி பெருகினால் நோயும் பெருகும். பத்தாயிரம் கோழி ஒரே கொட்டகையில் நிற்கும்போது ராணிக்கெட் மாதிரி ஒண்ணு உள்ளே வந்தால் பட்டியே காலி. அதைவிடக் கமுக்கமான எதிரி தீவனத்தில் இருக்கு. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிக்கு மேல் திடுதிப்புன்னு செத்துப்போச்சு. என்னன்னே தெரியாமல் 'எக்ஸ் நோய்'னு பேர் வச்சாங்க. கடைசியில் பார்த்தால் பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை, அது விடுற விஷம். அஃப்ளாடாக்சின் என்கிற பேரே அதுக்கப்புறம்தான் வந்தது. அதே கடலைப் புண்ணாக்கும், ஈரம் காயாத மக்காச்சோளமும்தான் நம்ம ஊர் பண்ணைக்கும் வருது.

நான் ஸ்கூல் படிக்கும்போது சித்தப்பா பண்ணையில் முட்டை திடீர்னு குறைஞ்சது. கோழி சாகலை, ஆனால் முட்டை இல்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தது. யாரோ சொல்லி ஒரு பையில் தீவனமும் ரெண்டு கோழியும் எடுத்துக்கிட்டு லத்துவாடிக்குப் போனார். கோழியை அறுத்துப் பாத்து, தீவனத்தை லேபில் சோதிச்சு, "சோளத்துல பூஞ்சைங்க, அந்த லோடை நிறுத்துங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. சோதனைக்குக் கட்டின பணம் அவருக்கு நினைவே இல்லை, அவ்வளவு சின்னத் தொகை. பண்ணை தப்பிச்சது. அந்த லேபில் அன்னைக்கு இருந்த டாக்டரோட சம்பளச் சீட்டில் இது எங்கேயாவது ஏறியிருக்குமா? என் எக்ஸெல்லில் இல்லாதது அதுதான்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். மில்டன் ஃப்ரீட்மன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய பொருளாதார நிபுணர். தொழிற்கல்வியால் லாபம் அடையறது படிக்கிறவன்தான், அவன் சம்பளத்திலேயே அது திரும்ப வந்துடும், பிறகு வரிப்பணம் எதுக்குன்னு 1955-லேயே எழுதினார். அரசு பணம் கொடுத்துட்டு, பின்னாடி வர்ற வருமானத்தில் ஒரு பங்கு வாங்கிக்கலாம்னும் சொன்னார் (ஆஸ்திரேலியாவில் 1989-ல் இதோட ஒரு வகையைக் கொண்டு வந்தாங்க, சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் திருப்பிக் கட்டணும்). அரசு காசில் படிக்க வைக்கக் கூடாத தொழில்களுக்கு அவர் கொடுத்த உதாரணங்களில் ஒண்ணு என்ன தெரியுமா? கால்நடை மருத்துவர்!

அதே சிகாகோவில் இருந்த இன்னொருத்தர் ஸ்வி க்ரிலிக்கஸ். 1958-ல் அமெரிக்க ஹைபிரிட் மக்காச்சோள ஆராய்ச்சிக்கு ஆன செலவையும் அதனால் ஊருக்குக் கிடைச்ச பலனையும் கணக்குப் போட்டார். போட்ட ஒரு டாலருக்கு வருஷத்துக்குக் குறைஞ்சது 700 சதவீதம்! 1967-ல் வில்லிஸ் பீட்டர்சன் என்பவர் கோழி ஆராய்ச்சிக்கே இதே மாதிரி போட்டுப் பார்த்தார். அவ்வளவு பிரமாதமா வரலை, ஆனாலும் வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். எந்த பேங்க் தரும்?

உடனே ஃப்ரீட்மனை அடிச்சாச்சுன்னு குதிக்கவும் முடியலை. க்ரிலிக்கஸ் போட்டது ஆராய்ச்சிக் கணக்கு, பாடம் நடத்துற கணக்கு இல்லை. நாமக்கல்லில் லேபில் இருக்கிறவரும் வகுப்பெடுக்கிறவரும் ஒரே ஆள் என்பதால் ரெண்டையும் பிரிக்கவும் வழியில்லை. அடுத்தது, லாபம் பண்ணைக்காரங்களுக்குத்தானே? லட்சக்கணக்கில் கோழி வச்சிருக்கிறவருக்கு எதுக்குக் கூலிக்காரன் கட்டின வரியில் டாக்டர்? இதைச் சித்தப்பாகிட்டக் கேட்டால் கோவிச்சுக்குவார், ஆனால் நியாயமான கேள்வி. என் பாதி பதில் சத்துணவு. 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சு, 2010-ல் வாரத்துக்கு அஞ்சு முட்டை ஆச்சு. முட்டை மலிவா இருக்கிறதால்தான் அரசாங்கத்துக்கு அது கட்டுப்படியாகுது. மீதி பாதிக்கு, பெரிய பண்ணைகள்கிட்ட லேப் கட்டணத்தைக் கூட்டி வாங்கலாம், தப்பே இல்லை.

என் கதையையும் சொல்லிடறேன். 2014-ல் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா. முதல் பட்டதாரி சலுகையும் அதனால் கிடையாது. அப்பா ஒன்றரை ஏக்கர் வித்தார். ஃப்ரீட்மன் சொன்ன மாதிரியே என் லாபத்துக்கு நானே (சரி, அப்பாவே) காசு கட்டினேன். வித்த காட்டை இன்னைக்கு என் சம்பளத்தில் திருப்பி வாங்க முடியாது, விசாரிச்சுட்டேன்.

எக்ஸெல்லை அழிக்கலை. அதில் இன்னொரு காலம் சேர்த்து, அந்த வருஷம் தப்பிச்ச கோழிகளோட எண்ணிக்கையைச் சித்தப்பாகிட்டக் கேட்டுப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினேன். தங்கச்சியிடம் இருந்து பதில் வந்தது: "அண்ணா, நான் ஏற்கனவே முடிவு பண்ணிட்டேன். ஆனா எனக்கு நாய், பூனைதான் பிடிக்கும், கோழி வேண்டாம்." கவுன்சலிங்குக்கு இன்னும் நாள் இருக்கு. சித்தப்பா இதை இன்னும் பார்க்கலை.