மனுவும் கதையும்: ஒட்டன்சத்திரத்தின் நாளையை எழுதிப் பார்த்தல்

1. மனுவின் மொழி

ஊரின் நாளையைப் பற்றி நம் பக்கத்து மக்கள் கூடி எழுதுவது பெரும்பாலும் மனு ஒன்றைத்தான். ‘மேற்படி ஊரில் வசித்து வரும் நாங்கள்’ என்று தொடங்கி, ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று அது முடியும். நடுவில் சாலை, தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி. எல்லாம் தேவையானவையே, மனுவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மனுவுக்கு இல்லாததைச் சொல்லத்தான் தெரியும். தொட்டி வந்த பிறகு முதல் குடத்தை யார் பிடிப்பார், எந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் போகும் என்பதை எழுத அதில் இடமில்லை. அதை எழுத இடம் தருவது கதை. ஊரார் குழுவாக உட்கார்ந்து தங்கள் நாளையைக் கதையாக்கும் பட்டறை, கிராம சபைக்கு முன்படியாக அமைய வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. அறிவொளி காட்டிய தடம்

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி, முதியோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம். கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகமும் அறிவியல் இயக்கத்தாரும் தன்னார்வலர்களும் சேர்ந்து இறங்கினார்கள். அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றது பலருக்கும் தெரிந்த செய்தி. பாடநூல் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது ‘அ, ஆ’ வரிசையில் தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களில் தொடங்கியது. நிலமில்லாத ஒருவர் தன் வாழ்நாளில் முதலில் எழுதும் சொல் ‘பட்டா’ என்றால், எழுத்துக்கு முன்பே பேச்சு பிறந்துவிடும்: யாருக்குப் பட்டா, நமக்கு ஏன் இல்லை, எப்போது வரும்? பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே முதியோர் கல்வியில் கையாண்ட வழியும் இதுதான்.

எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிந்திருக்கிறார். கற்க வந்தவர்களிடம் கதைகள் மண்டிக் கிடப்பதைக் கண்டதே இயக்கத்தாருக்குப் பெரிய பாடம். ஆனால் கற்றவர்கள் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் பல வேளைகளில் ஆட்சியர் அலுவலகம்தான். புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி 2013இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய பிரான்சிஸ் கோடி, பெண்கள் மனுக் கொடுக்கச் சென்றதை விரிவாக ஆராய்ந்தார். கையெழுத்துப் போடும் துணிவு வந்தது. நடையோ அலுவலகத்தின் நடையாகவே இருந்தது. இந்த இடைவெளியைத்தான் பட்டறை நிரப்ப வேண்டும்.

3. கனவுக்கு ஒரு முறை

ராபர்ட் யுங்க் ஐரோப்பாவில் உருவாக்கிய ‘எதிர்காலப் பட்டறை’ மூன்று கட்டம் கொண்டது: குறை சொல்லுதல், கட்டற்றுக் கற்பனை செய்தல், செயலுக்குக் கொண்டுவருதல். நம் கூட்டங்கள் முதல் கட்டத்திலிருந்து மூன்றாவதற்குத் தாவிவிடுகின்றன. நடுக்கட்டத்துக்கு நம்மிடமே சான்று உண்டு. வங்காளத்து எழுத்தாளர் ரொக்கேயா 1905இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கற்பனைக் கதை சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழில்தான் வெளியானது. வெயிலைக் கொண்டு சமைப்பதையும் மேகத்திலிருந்து நேராக நீர் எடுப்பதையும் அவர் அன்றே எழுதினார்.

4. மண்டியில் ஒரு நாள்

ஒட்டன்சத்திரத்தில் இதை எங்கே தொடங்குவது? காய்கறி மார்க்கெட்டில். சுற்றுவட்டாரத்துத் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் இங்கே ஏலமாகி, பெரும்பங்கு கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. ஓணம் வந்தால் விலை ஏறும். வரத்து மிகுந்தால் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் தக்காளி செடியிலேயே வாடும். இதற்கு மனு எழுதினால் ‘குளிர்பதனக் கிடங்கு வேண்டும்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும்.

கதையாக எழுதச் சொல்லுங்கள்: 2050, ஒரு பெட்டித் தக்காளியின் ஒரு நாள். பறிக்கும் பெண், கமிஷன் கடைக்காரர், மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுநர் நால்வரும் அதே பெட்டியைப் பற்றி எழுதட்டும். கிடங்கு கட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாவி யாரிடம்? வாடகை யார் கட்டுவது? விலையைச் சொல்லும் வாய் யாருடையது? கேட்பவர்கள் உம் கொட்டுவார்கள். கதை நொண்டும் இடத்தில் ‘அப்புறம்?’ என்பார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் அந்த ‘அப்புற’த்தைச் சந்தித்ததில்லை. குழுவாகச் செய்வதன் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

5. எச்சரிக்கை

எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதும்போது சொல் மாறக்கூடாது. ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி’தான், ‘குடிநீர்’ ஆக்கினால் அது மறுபடி மனுவாகிவிடும். உட்காரும் வரிசையும் முக்கியம். சாதி பார்த்தும் ஆண், பெண் பார்த்தும் பிரிந்து உட்காரும் கூட்டத்தில் முதல் கதை எப்போதும் முன்வரிசையிலிருந்தே வரும். அதனால் கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகராட்சி வார்டுகளில் பகுதி சபை உண்டு. ஒட்டன்சத்திரம் வட்டாரத்து ஆசிரியர்களே, நூலகர்களே, சுயஉதவிக் குழுப் பெண்களே: அடுத்த சபைக்கு ஒரு வாரம் முன்பு பத்துப் பேரைக் கூட்டி உட்காருங்கள். எழுதிய கதைகளைச் சபையில் உரக்கப் படியுங்கள். தீர்மானம் அதன் பிறகு வரட்டும்.