ஆரக்கால்களுக்கு இடையே நகை

மிதிவண்டி தன் உறுப்புகள் அனைத்தையும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் ஊர்தி. மோட்டார் வண்டி தன் இயக்கத்தை மூடிக்குள் மறைத்துக்கொள்கிறது. குதிரையைச் சீண்டினால் அது உதைக்கும். மிதிவண்டியோ சங்கிலி, ஆரக்கால், காற்றடைக்கும் வாய், இருக்கை, மணி ஆகிய யாவற்றையும் எவர் கைக்கும் எட்டும்படி திறந்து வைத்துச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. உடையவர் வகுப்பறையிலோ தேநீர்க் கடையிலோ இருப்பார். இந்த ஏமாப்பற்ற நிலையே அதனைக் குறும்புக்கு இலக்காக்கிற்று. மிதிவண்டியின் வரலாற்றை எழுதியோர் சக்கரத்தின் அளவையும் டயரின் வளர்ச்சியையும் விரிவாகப் பேசினர். ஒருவர் வண்டியில் மற்றொருவர் காட்டிய விளையாட்டைப் போகிற போக்கில் சொல்லிச் சென்றனர். அதற்குக் காரணமும் உண்டு. சிரித்து முடிந்த குறும்பை எவரும் எழுதி வைப்பதில்லை. எல்லை மீறிய குறும்பே நீதிமன்றக் குறிப்பிலும் பந்தய விதியிலும் செய்தித்தாளிலும் இடம்பெறுகிறது. எனவே இவ்வரலாறு பெரும்பாலும் தண்டனைகளின் வழியே கிடைக்கும் வரலாறாகும்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அவற்றுள் எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்ட விடத்துத் தானே நகுதல் மற்றொன்று என அதனை இரு கூறாக்கினார். இவ்விரண்டாம் கூறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குறும்புக்கு ஆளானவர் சிறிது நேரங்கழித்தேனும் தாமும் சிரிக்க இயலுமா என்னும் வினா அதனுள் அடங்கியிருக்கிறது. மிதிவண்டிக் குறும்பை அளந்து பார்க்க இதனினும் நல்ல கோல் கிடைப்பது அரிது.

தமிழகத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் பயின்ற எவர்க்கும் இக்குறும்பின் இலக்கணம் தெரியும். டியூபின் வாயில் சிறு பித்தளைக் குழலொன்று இருக்கும். அதன் பக்கத்துத் துளையை மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று பொத்தியிருக்கும். உள்ளே செல்லும் காற்றுக்கு வழிவிட்டு, வெளியேற முயலும் காற்றைத் தடுக்கும் அந்த ரப்பர்க் குழாயே ‘வால்டியூப்’. திருகைத் தளர்த்திக் குழலை இழுத்தால் ஒரு பெருமூச்சோடு சக்கரம் அமர்ந்துவிடும். ‘காற்றைப் பிடுங்கி விடுதல்’ என்று இதற்குப் பெயர். இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைத்தல், மணியின் கிண்ணத்தைக் கழற்றி ஒளித்தல், இரு நண்பர்களின் வண்டிகளை ஒரே சங்கிலியால் பிணைத்தல் என வகைகள் பல. அவற்றுள் நுட்பம் மிக்கது, பட்டப்பகலில் டைனமோவை டயரின்மேல் சாய்த்து வைப்பது. ஓட்டுபவர் காரணம் புரியாமல் மூச்சிரைக்க மிதிப்பார். எதிர்க்காற்றைக் குறை கூறுவார். பின்னால் வருவோர் சிரிப்பை அடக்கமாட்டாமல் தவிப்பர். இவையனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. கையடிப் பம்பு ஒன்றும் சிறிது பொறுமையும் இருந்தால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டியூபை ஊசியால் குத்துபவனை அதே மாணவர் கூட்டம் மதிப்பதில்லை. எழுதப்படாத சட்டமொன்று அங்கே நிலவியது எனலாம்.

அச்சட்டம் எளிதில் உருவாகிவிடவில்லை. 1870களில் இங்கிலாந்தில் பரவிய வண்டி இன்றைய வடிவினது அன்று. முன்சக்கரம் ஓராள் மார்பளவு உயர்ந்தது. சில வண்டிகளில் 5 அடி விட்டத்தை எட்டியது. ஓட்டுபவர் ஏறத்தாழ அதன் உச்சியிலேயே அமர்ந்திருந்தார். ஓடும் சக்கரம் திடீரெனத் தடைப்பட்டால் வண்டி முழுதும் அச்சைச் சுற்றிக் கவிழும். ஓட்டுபவர் தலைகீழாக முன்னே விழுவார். சிறுவன் ஒருவன் ஆரக்கால்களுக்கு இடையே கோலொன்றைச் செருகினால் போதும். விளையாட்டு என்று செய்தது மண்டையைப் பிளக்கும். 1876ஆம் ஆண்டு செயின்ட் ஆல்பன்ஸ் சாலையில் சென்ற மிதிவண்டிக்காரர் ஒருவரைக் குதிரைப் பயணவண்டியின் சாரதி சாட்டையால் அடித்தார். அவ்வண்டியின் காவலர், கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டொன்றைச் சக்கரத்தினுள் வீசி ஓட்டியவரை வீழ்த்தினார். குண்டை முன்னரே சித்தப்படுத்தி வைத்திருந்தார் என்பதே இச்செய்தியின் கொடுமை. வழக்கு நீதிமன்றம் சென்றது. குதிரைவண்டிக்காரரின் பகையை இங்குக் குறும்பு என்று அழைப்பது பொருந்தாது. ஆயினும் நிற்கும் சக்கரத்தோடு விளையாடுவதற்கும் சுழலும் சக்கரத்தோடு விளையாடுவதற்கும் உள்ள தொலைவை ஓட்டுநர் உலகம் இத்தகைய நிகழ்ச்சிகளாலேயே கற்றுக்கொண்டது. 1878இல் இங்கிலாந்தில் மிதிவண்டிச் சங்கங்கள் நாடளாவிய அமைப்புகளாகத் திரண்டதற்குத் தம்மவரைக் காக்கும் தேவையும் ஒரு காரணமாயிற்று.

காற்றடைத்த டயர் வந்தபோது நகைப்பு அந்த டயரின் மீதே பாய்ந்தது. 1888இல் டன்லப் உரிமம் பெற்ற அப்பருத்த டயரைக் கண்டோர் ஏளனம் செய்தனர். 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த போட்டியில் வில்லி ஹ்யூம் அந்த டயர் பூட்டிய வண்டியோடு களமிறங்கியபோதும் சிரிப்பொலி எழுந்தது. ஹ்யூம் வென்றார், சிரிப்பு அடங்கியது. கல்லையும் பள்ளத்தையும் தாங்கிய அந்த டயருக்கு ஓர் ஊசியைத் தாங்கத் தெரியாது என்பதைக் குறும்பர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

எள்ளல் முழு உருவில் வெளிப்பட்ட நாள் ஒன்றுண்டு. 1897 மே 21ஆம் நாள் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வாக்கெடுப்பு நடத்தியது. பல்கலைக்கழக மன்றத்திற்கு எதிரேயிருந்த புத்தகக் கடையின் மாடிச் சாளரத்திலிருந்து பொம்மையொன்று தொங்கவிடப்பட்டது. கால்சட்டை அணிந்து மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவம் அது. கல்வி கற்ற பெண்ணைக் கேலி செய்ய விரும்பிய மாணவர்கள் ஏட்டையோ எழுதுகோலையோ தேர்ந்தெடுக்கவில்லை, மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தனர் என்பது கருதத்தக்கது. தனித்துச் செல்லும் பெண் என்றால் அக்காலத்தார் மனத்தில் எழுந்த உருவம் அதுவே. எதிராக 1,700க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. ஆதரவாக 700 வாக்குகள்கூட இல்லை. வெற்றிக் களிப்பில் மாணவர்கள் பொம்மையைக் கீழே இறக்கித் தலையைப் பிய்த்து, எஞ்சியதைப் பெண்கள் பயின்ற நியூன்ஹாம் கல்லூரி வாயிலில் திணித்தனர். அதனை இளமைக் குறும்பு என்று பின்னாளில் எழுதியோர் உண்டு. கதவுக்கு உட்புறம் நின்ற மாணவியர் அதில் கலந்து சிரித்திருக்க இயலுமா? கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தபோது இதே எள்ளல் தமிழில் பேசிற்று. தொடக்கத்தில் தெருவில் ஆடவர் சிலர் தகாத சொற்களை வீசினர். 1992 மார்ச் 8 உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி பறக்க, மணி ஒலிக்க அந்நகர வீதிகளில் வண்டியோட்டிச் சென்றனர். பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் போதாமற்போக, நடுத்தண்டு வைத்த ஆடவர் வண்டிகளையே வாங்கி ஓட்டியோரும் இருந்தனர். ஒருத்தியைக் கேலி செய்வது எளிது. ஆயிரத்தைந்நூறு மணிகளின் ஒலியில் கேலிப்பேச்சு யார் காதிலும் விழாது.

ஓட்டுநரே ஓட்டுநருக்குச் செய்த தீங்கின் களஞ்சியம் பிரெஞ்சு நாட்டின் ‘டூர் டி பிரான்ஸ்’ நெடும்பந்தயம். 1903இல் தொடங்கிய அப்பந்தயம் இரண்டாம் ஆண்டிலேயே அழியும் நிலைக்கு வந்தது. 1904இல் சாலையில் ஆணிகள் இறைக்கப்பட்டன. செயின்ட் எட்டியன் அருகே இரவில், உள்ளூர் வீரரின் ஆதரவாளர்கள் வழிமறித்து மற்றவர்களை அடித்தனர். கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கி வெடிக்க வேண்டியதாயிற்று. இரயிலேறிக் குறுக்கு வழியில் வந்தோர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் முதல் நான்கு இடங்களைப் பெற்றோரும் தகுதி நீக்கம் செய்யப்பட, ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்றி கோர்னே வென்றவராக அறிவிக்கப்பட்டார். தண்டனைக்குப் பின்னும் ஆணி ஓயவில்லை. 1905இல் முதல் நாளிலேயே மீண்டும் முளைத்தது. சக வீரரின் காற்சட்டைக்குள் அரிப்புப் பொடி தூவினர் என்னும் கதையும் இப்பந்தயத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பரிசுப் பணம் இல்லாத ஊரில் அது வெறுங்குறும்பாகவே நின்றிருக்கும்.

1911இல் முன்னணியை நெருங்கிக்கொண்டிருந்த பால் டுபோக், பிரனீசு மலைப்பகுதியில் புட்டியொன்றிலிருந்து பருகியபின் சாலையோரம் சுருண்டு விழுந்தார். நஞ்சு கலந்தவர் யாரென்று ஐயமற நிறுவப்படவில்லை. பழி முதலிடத்திலிருந்த கரிகூ மீது விழுந்தது. டுபோக்கின் சொந்த ஊரான ரூவான் வழியே பந்தயம் சென்ற நாளில் மக்களின் சினத்துக்கு அஞ்சிக் கரிகூ மாறுவேடம் பூண்டு கடக்க நேர்ந்தது. 1937இல் லப்பெபி காலையில் வண்டியை வெள்ளோட்டம் பார்த்தபோது கைப்பிடித்தண்டு ஒடிந்தது. யாரோ முன்னரே அரத்தால் பாதி அறுத்து வைத்திருந்தனர். மலையிறக்கத்தில் ஒடிந்திருந்தால் அவ்வாண்டின் வெற்றியாளரை உலகம் கண்டிருக்காது.

எனினும் வீரர் குழு எப்போதும் பகைவர் கூட்டமாகவே இருந்ததில்லை. மூன்று வாரம் ஒரே வெயிலில் தோளோடு தோள் உரசிச் செல்வோரிடையே சிரிப்பின்றிப் பயணம் நடவாது. 1950இல் மத்தியதரைக் கடற்கரை வழியே கடும் வெப்பத்தில் சென்றபோது, செயின்ட் மாக்சிம் அருகே வீரர்கள் கூட்டமாக வண்டியோடு கடலுக்குள் இறங்கி நீராடினர். பந்தயத் தலைவர்கள் சினந்தனர். இன்று நாம் அதைப் படித்துச் சிரிக்கிறோம். 2012 சூலை 15ஆம் நாள் பெகேர் மலைமேட்டில் எவரோ சிற்றாணிகளைத் தூவினர். 30 பேரளவில் பஞ்சராகி நின்றனர். முன்னாண்டு வென்ற கேடல் எவன்ஸ் ஒரே நாளில் பலமுறை நின்றார். விழுந்த வீரர் ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. முதலிடத்திலிருந்த பிராட்லி விக்கின்ஸ், குழுவினரை வேகம் குறைக்கச் செய்து பின்தங்கியோருக்காகக் காத்திருந்தார். 1904இல் எவர்க்கும் தோன்றாத செயல் அது. வால்டியூபைப் பிடுங்கிய பள்ளி மாணவரின் எழுதப்படாத சட்டம் உலகப் பந்தயத்துக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

குறும்பின் முழு அழகையும் காண இத்தாலிக்குச் செல்லவேண்டும். போர் முடிந்த வறுமைக் காலம். 1946 முதல் 1951 வரை ‘ஜிரோ டி இத்தாலியா’ பந்தயத்தில் கடைசியாக வருபவருக்குக் கறுப்புச் சட்டை அளிக்கும் வழக்கம் இருந்தது. மக்கள் அவரிடம் பேரன்பு காட்டினர், பரிசுகளும் குவிந்தன. லூயிஜி மலப்ரோக்கா என்னும் வீரர் முதலிடம் தமக்கு எட்டாது என்பதை உணர்ந்து கடைசி இடத்தைக் குறிவைத்தார். 1946, 1947 இரண்டாண்டும் கறுப்புச் சட்டை அவருக்கே. தம் டயரைத் தாமே பஞ்சராக்கிக்கொண்டு, மதுக்கடையிலும் களத்து வைக்கோற் கொட்டகையிலும் வேலி மறைவிலும் ஒளிந்து நேரம் கழித்தார். பிறரை எள்ளவும் இல்லை, பிறரால் எள்ளப்பட்டு வருந்தவும் இல்லை. பேதைமையை வேடமாகப் பூண்டு நாட்டையே சிரிக்க வைத்தார். பேராசிரியர் கூறிய இரண்டாம் நகைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு ஐரோப்பிய விளையாட்டு வரலாற்றில் இல்லை எனத் துணிந்து கூறலாம்.

1949இல் அவருக்கு ஒரு போட்டியாளர் முளைத்தார். சாந்தே கரோல்லோ கொத்தனார் வேலை பார்த்தவர். உண்மையிலேயே மெதுவாக ஓட்டியவர். முன்னே கோப்பி என்னும் மாவீரர் மலைகளை வென்றுகொண்டிருக்க, பின்னே இவ்விருவரும் ஒருவரை ஒருவர் முந்த விட்டுவிட்டு மறைந்து விளையாடினர். கடைசி நாள் மலப்ரோக்கா வழியில் தங்கி நெடுநேரம் கழித்தார். கரோல்லோவை வீழ்த்திவிட்டோம் என்ற நிறைவோடு எல்லைக் கோட்டை அடைந்தபோது அங்கே நேரம் கணிப்போர் எவரும் இல்லை. காத்துக் காத்துச் சலித்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தனர். அவருக்குக் குழுவோடு வந்தவர்க்குரிய நேரமே எழுதப்பட்டது. கோப்பிக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் பின்தங்கிய கரோல்லோ கறுப்புச் சட்டையைப் பெற்றார்.

மலப்ரோக்கா அதன்பின் சேற்றிலும் புதரிலும் வண்டியைத் தோளில் சுமந்து ஓடும் பந்தயத்துக்கு மாறினார். 1951இலும் 1953இலும் அதில் இத்தாலியின் முதல்வராக வந்தார்.