விழிவெண்படலமும் இரத்த நாள ஆய்வும்: மதுரையின் பங்களிப்பு (1979–2005)

முன்னுரை

உடலில் பதிக்கப்பெறும் குருத்தணுக்கள் புதிய இரத்த நாளங்கள் தோன்றத் துணைபுரிகின்றன. இவ்வாய்வின் வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. விழிவெண்படலத்தை முன்வைத்து அவ்விடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நாளமற்ற களம்

கார்னியா எனப்படும் விழிவெண்படலத்தில் இரத்த நாளங்கள் இல்லை. ஆதலின் அதனுள் புதிதாக நுழையும் நாளம் தெளிவாகப் புலப்படும். புற்றுக்கட்டி வளரப் புதிய நாளங்கள் தேவை என 1971இல் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருதுகோளைச் சோதிக்க இப்படலம் ஏற்ற களமாயிற்று. முதலில் முயலின் கண் பயன்பட்டது. 1979இல் மதுரை உயிரியலறிஞர் வி.ஆர். முத்துக்கருப்பன், ராபர்ட் ஔவர்பாக்குடன் இணைந்து ‘சயின்ஸ்’ இதழில் எலியின் விழிவெண்படலத்தில் நாள வளர்ச்சியை ஆராயும் முறையை வெளியிட்டார். மரபொத்த எலியினங்கள் கிடைப்பதால், பதிக்கும் திசுவை உடல் ஏற்க மறுக்கும் சிக்கல் இதில் குறைவு.

குருத்தணுக்களின் இருவேறு பணிகள்

நாளச் சுவராக மாறவல்ல முன்னோடி அணுக்கள் வளர்ந்தோர் குருதியிலும் உள்ளன என 1997இல் அசஹாரா குழுவினர் காட்டினர். பதிக்கப்பெறும் அணுக்களுள் பெரும்பாலானவை தாமே நாளமாவதில்லை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து அருகிலுள்ள நாளங்களைக் கிளைக்கத் தூண்டுகின்றன எனப் பின்னைய ஆய்வுகள் உணர்த்தின.

கண்ணிலோ நிலைமை வேறு. விழிவெண்படலத்தின் விளிம்பாகிய லிம்பஸில் உறையும் குருத்தணுக்கள் மேற்புறத் திசுவைப் புதுப்பிப்பதோடு, நாளங்கள் உட்புகாமல் காக்கும் அரணாகவும் விளங்குகின்றன. சுண்ணாம்போ அமிலமோ பட்டு அவை அழிந்தால், நாளங்கள் படர்ந்து பார்வை மங்கும். அந்நிலையில் கொடையாகப் பெற்ற கண்ணின் படலத்தை மட்டும் பொருத்துவது நிலைத்த பயன் தராது. விளிம்புக் குருத்தணுக்களையும் பதிக்க வேண்டும்.

மதுரை ஆய்வு

கோ. வேங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு இச்சிக்கலை ஆராய்ந்தது. பதிக்கும் திசுவில் குருத்தணுக்கள் உள்ளனவா என அறிவதெப்படி என்பதே அடிப்படை வினா. 2005இல் முத்துக்கருப்பன் உள்ளிட்ட குழுவினர், பி63 புரதத்தின் மிகுதி, அணுவின் அளவை நோக்க உட்கருவின் பெருமை ஆகிய இரண்டையும் சேர்த்து நோக்கி, குருத்தணுப் பண்புடைய அணுக்களைப் பிரித்தறியும் முறையை வெளியிட்டனர்.

முடிவுரை

நாளம் முளைப்பதை அளக்கும் களமாக 1979இல் அமைந்த விழிவெண்படலம், 2005இல் நாளம் புகாமல் காக்கும் அணுக்களைத் தேடும் களமாயிற்று. குருதியோட்டம் குன்றிய காலுக்கு நாளம் வேண்டும். தெளிவை நாடும் கண்ணுக்கு அது ஆகாது. ஆகவே குருத்தணு மருத்துவத்தின் பயன், எவ்வணு எவ்விடத்தில் பதிக்கப்படுகிறது என்பதைச் சார்ந்தே அமைகிறது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.